காத்திருந்து தெரிந்துகொண்டதை என்ன செய்தீர்கள்? ஆப்கானிஸ்தான் போர் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 2001 முதல் 2021 வரை ஆப்கானிஸ்தானில் உங்கள் நாடு எடுத்த முடிவுகளை ஆராயும் பொறுப்பை அமெரிக்க நாடாளுமன்றம் உங்கள் 16 பேரிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்த இருபது ஆண்டுகளில் 2009 ஆகஸ்ட் இறுதியிலிருந்து டிசம்பர் 1 வரையிலான மூன்று மாதங்களை முன்வைத்தே இம்மடலை எழுதுகிறேன். ஆப்கன் அதிபர் தேர்தல் மோசடிப் புகாரில் சிக்கியிருக்க, அங்கே கூடுதல் படை அனுப்புவதா என்று வெள்ளை மாளிகை ஆலோசித்த காலம் அது. அக்காலத்தைப் பற்றிய வாதம் அன்று முதலே வேகத்தைப் பற்றியதாகச் சுருங்கிவிட்டது. அதிபர் ஒபாமா முடிவெடுக்கத் தயங்கிக் காலங்கடத்துகிறார் என்றார் முன்னாள் துணை அதிபர் டிக் சேனி. கைகோக்கத் தக்க அரசு காபூலில் இருக்கிறதா என்று அறியாமல் படை அனுப்புவது பொறுப்பற்ற செயல் என்று வெள்ளை மாளிகை பதில் சொன்னது. காத்திருந்தது சரி என்பதே என் கருத்து. காத்திருந்ததன் பயனாகத் தெரியவந்த உண்மை, இறுதி முடிவில் எங்கே இடம்பெற்றது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

வரிசையாகப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். ஆப்கன் அரசியல் சட்டப்படி 2009 மே மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டிய அதிபர் தேர்தல், பாதுகாப்பு போதவில்லை என்ற காரணத்தால் ஆகஸ்ட் 20க்குத் தள்ளிவைக்கப்பட்டது. பிப்ரவரியில் ஒபாமா அனுப்பிய 17,000 வீரர்களின் பணிகளுள் அத்தேர்தலுக்குக் காவல் நிற்பதும் ஒன்று. முதலில் படைக்காகத் தேர்தல் காத்திருந்தது. பிறகு தேர்தலுக்காகப் படை காத்திருந்தது. அந்தக் கோடையில் ஹெல்மண்ட் மாகாணத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் பத்துப் பேர் உயிரைக் கொடுத்து மீட்ட பாபாஜி பகுதியில் 150 பேர் அளவிலேயே வாக்களித்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. மக்கள் வர முடியாத இடங்களில் காகிதத்தில் மட்டும் இயங்கிய வாக்குச்சாவடிகளிலிருந்தோ பெட்டி பெட்டியாக வாக்குகள் வந்து குவிந்தன.

முதலில் அறிவிக்கப்பட்ட கணக்கில் அப்போதைய ஆப்கன் அதிபர் ஹமீத் கர்சாய்க்கு 54 விழுக்காட்டுக்கு மேல் கிடைத்திருந்தது. ஐ.நா. ஆதரவுடன் இயங்கிய தேர்தல் புகார் ஆணையம் 210 சாவடிகளின் வாக்குகளைச் செல்லாதவை என அறிவித்து, ஐயத்துக்குரிய பிற சாவடிகளின் வாக்குகளையும் குறைத்த பின், அவருடைய பங்கு 49.67 விழுக்காடாக, அதாவது முதல் சுற்றிலேயே வெல்லத் தேவையான பாதிக்கும் கீழே, இறங்கியது. இதற்கிடையில், இம்முறைகேடுகளை ஐ.நா. தூதுக்குழுத் தலைவர் மூடி மறைப்பதாகக் குற்றம்சாட்டிய துணைத் தலைவர் பீட்டர் கால்பிரெய்த் பதவியிழந்தார். அக்டோபர் 20 அன்று அமெரிக்க செனட்டர் ஜான் கெர்ரி பக்கத்தில் நிற்க, இரண்டாம் சுற்றுக்குக் கர்சாய் இணங்கினார். தேர்தல் ஆணையத் தலைவரை மாற்றாமல் மீண்டும் போட்டியிடுவதில் பொருளில்லை என்று எதிர்வேட்பாளர் அப்துல்லா அப்துல்லா நவம்பர் 1 அன்று விலகினார். மறுநாளே இரண்டாம் சுற்று ரத்தாகிக் கர்சாய் வென்றவராக அறிவிக்கப்பட்டார். அன்றே வாஷிங்டனிலிருந்து வாழ்த்தும் போனது. வெள்ளை மாளிகை எழுப்பிய கேள்விக்கு விடை கிடைத்த நாள் அதுதான்.

அந்த விடையைப் படிக்கத் தெரியாதவர்கள் அங்கே இருக்கவில்லை. கூடுதலாக 40,000 வீரர்கள் கேட்ட, ஆப்கானிஸ்தானில் படைகளுக்குத் தலைமை தாங்கிய அமெரிக்கத் தளபதி மெக்கிரிஸ்டலின் மதிப்பீடே, தாலிபான்களோடு சேர்த்து ஆப்கன் அரசின் ஊழலையும் அதிகார அத்துமீறலையும் பெரும் அச்சுறுத்தலாகக் குறித்திருந்தது. மக்களின் நம்பிக்கையைப் பெற்ற அரசு இல்லாமல் அவருடைய போர்முறை நிற்காது. நம்பிப் பங்காளியாக்கத் தக்கவர் அல்லர் கர்சாய் என்று நவம்பர் தொடக்கத்தில் காபூலிலிருந்த அமெரிக்கத் தூதர் ஐகன்பெரி வாஷிங்டனுக்கு அனுப்பிய தூதரகச் செய்தியிலேயே எழுதினார். அவரும் முன்னாள் படைத்தளபதி என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

டிசம்பர் 1 அன்று வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் ஒபாமா கூடுதலாக 30,000 வீரர்களை அனுப்புவதாக அறிவித்தார். 2011 ஜூலையில் திரும்ப அழைக்கத் தொடங்குவதாகவும் சொன்னார். தேர்தலைப் பற்றி அவ்வுரையில் வந்தது ஒரே வாக்கியம்: மோசடியால் கறைபட்டிருந்தாலும் அது அந்நாட்டுச் சட்டத்துக்கும் அரசியல் அமைப்புக்கும் இசைந்த அரசைத் தந்திருக்கிறது என்பது அதன் சாரம். கேள்வி கேட்காமல் பணம் கொடுக்கும் காலம் முடிந்தது என்றும் அதே உரையில் எச்சரித்தார். ஆனால் 2010 பிப்ரவரியில், அதாவது கூடுதல் வீரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, புகார் ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களையும் தாமே நியமிக்கும்படி கர்சாய் ஆணை பிறப்பித்தார். மோசடியை வெளிக்கொணர்ந்த அமைப்பின் மீது கை வைத்த பிறகும் படை எண்ணிக்கை குறையவில்லை. பின்னர் வெளிநாட்டவர் இருவரை அனுமதிக்க அவர் இறங்கிவந்தது வேறு கதை.

இதே பாடம் மறுபடியும் நடந்தது. 2014இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திடக் கர்சாய் மறுத்ததால், அங்கே எஞ்சியிருக்க வேண்டிய 9,800 வீரர்களின் கதி இன்னொரு தகராறான தேர்தலின் முடிவைச் சார்ந்து நின்றது. கெர்ரி நடுநின்று, அதில் மோதிய அஷ்ரஃப் கனியையும் அப்துல்லாவையும் ஒரே ஆட்சியில் அமர்த்திய பிறகே ஒப்பம் விழுந்தது. 2020இல் அமெரிக்கா காத்திருக்கவே இல்லை. அடுத்த அதிபர் தேர்தலில் கனி வென்றதாக பிப்ரவரி 18 அன்று அறிவிப்பு வந்தது. அப்துல்லா அதை ஏற்காதிருக்கையிலேயே பிப்ரவரி 29 அன்று, ஆப்கன் அரசு இல்லாமல், தோஹாவில் தாலிபான்களோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. மார்ச் 9 அன்று காபூலில் இருவர் அதிபராகப் பதவியேற்றுக்கொண்டார்கள்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இதுதான். 2009 நவம்பர் 2க்கும் டிசம்பர் 1க்கும் இடையே வெள்ளை மாளிகையில் நடந்த ஆலோசனைகளின் பதிவுகளில், படை எண்ணிக்கையைத் தேர்தல் சீர்திருத்தத்தோடு பிணைக்க யாரேனும் முன்மொழிந்தார்களா, முன்மொழிந்திருந்தால் அதை யார், என்ன காரணம் சொல்லி ஒதுக்கினார்கள் என்பதைத் தேடி வெளியிடுங்கள். தளபதிகளையும் தூதர்களையும் விசாரிப்பதோடு, அந்த 210 சாவடிகளின் பெட்டிகளைத் திறந்து எண்ணிய ஆப்கன் ஊழியர்களையும், வெளிநாடுகளில் சிதறி வாழும் உள்ளூர்த் தேர்தல் பார்வையாளர்களையும் அழைத்து, அவர்களுடைய வாக்குமூலத்தை அவர்கள் சம்மதத்தோடு, பெயர் மறைத்தாவது, அறிக்கையில் சேருங்கள்.

இப்படிக்கு,
தென்னாசியாவிலிருந்து ஒரு வாசகன்