நம் வார்டின் தேர்தல் வரலாற்றை எழுதப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நம்ம மாவட்ட ஊராட்சி வார்டில் 1996-லிருந்து யார் யார் ஜெயித்தார்கள், எத்தனை ஓட்டு வித்தியாசம் என்று திரட்டப்போவதாகச் சொன்னாய். கேட்டதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. வேறு ஊர்களிலும் யாராவது இந்த வேலையைக் கையில் எடுக்க மாட்டார்களா என்ற ஆசையில்தான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஊரில் யாரைக் கேட்டாலும் பஞ்சாயத்துத் தலைவர் பெயரைச் சொல்வார்கள். எம்.எல்.ஏ. பெயரும் தெரியும். மாவட்ட கவுன்சிலர், அதாவது மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர், யார் என்று கேட்டுப் பார், யோசிப்பார்கள். சுமார் 50,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் தேர்ந்தெடுக்கப்படுகிறவர், கட்சிச் சின்னத்தில் நின்று ஜெயிக்கிறவர், ஐந்து வருஷம் முடிந்ததும் ஊர் நினைவிலிருந்தே போய்விடுகிறார். அதனால்தான் நீ செய்யப்போவது தேவையான வேலை என்கிறேன்.

1996-ல் தொடங்குவது சரிதான். ஊராட்சிகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்து கொடுத்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்து, அதன்படி முதல் தேர்தல் நடந்தது 1996 அக்டோபரில். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய பழைய ஜில்லா போர்டு தனிக் கதை, அதை இதோடு சேர்க்காதே. 1996-க்கு அப்புறம் 2001, 2006, 2011 என்று ஒழுங்காக நடந்தது.

ஒன்றில் மட்டும் ரொம்பக் கவனமாக இரு. வார்டு எண்ணை நம்பாதே. சட்டமன்றத் தொகுதிக்கு ஊர்ப் பெயர் உண்டு, எல்லை மாறினாலும் ஏதோ ஒரு தொடர்ச்சி தெரியும். நம் வார்டுக்கு வெறும் எண்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2018-ல் வார்டுகளை மறுபடி வரையறுத்தார்கள். அதனால் 2011-ல் ஏழாம் வார்டு என்று இருந்ததும் 2019-ல் ஏழாம் வார்டு என்று இருந்ததும் ஒரே ஊர்களாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு "இந்த வார்டு கட்சி மாறி ஓட்டுப் போட்டது" என்று எழுதினால், வேறு வேறு ஊர்க்காரர்களின் ஓட்டை ஒப்பிட்டதாகிவிடும். ஆகவே ஒவ்வொரு தேர்தலுக்கும் முதலில் ஊராட்சிகளின் பெயரை எழுது, வார்டு எண்ணைப் பக்கத்தில் போடு. நடுவில் ஏதாவது ஊராட்சி பேரூராட்சியாகியிருந்தாலோ, நகராட்சி, மாநகராட்சியோடு சேர்ந்திருந்தாலோ அது மாவட்ட ஊராட்சிக் கணக்கிலிருந்தே கழன்றிருக்கும். அதையும் குறித்துக்கொள்.

அடுத்தது இடஒதுக்கீடு. நம் மாநிலத்தில் எந்த வார்டு யாருக்கு என்ற சுழற்சி பத்து வருஷத்துக்கு ஒருமுறை, அதாவது இரண்டு தேர்தலுக்கு ஒரே ஒதுக்கீடு. 1996-ல் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. 2016-ல் சட்டத்தைத் திருத்திப் பாதியாக்கினார்கள். யார் ஜெயித்தார் என்பதோடு நிறுத்திவிடாதே. 2006-லும் 2011-லும் பெண்கள் வார்டாக இருந்தது பொது வார்டானபோது, ஜெயித்த அம்மாவுக்குக் கட்சி மறுபடி சீட் கொடுத்ததா? நீ தேட வேண்டிய கேள்விகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். சுவர் விளம்பரத்தில் கணவர் பெயர் பெரிதாகவும் வேட்பாளர் பெயர் சின்னதாகவும் இருந்ததை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அந்தப் பெண்மணியை நேரில் போய்ப் பார். கூட்டத்துக்குப் போனாரா, எந்தச் சாலைக்கு, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் வாங்கினார் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுது. பக்கத்தில் இருக்கிறவர் பதில் சொன்னால் பொறுமையாக மறுபடி அவரையே கேள்.

2016-ஐக் காலியாக விட்டுவிடாதே. அக்டோபரில் தேர்தல் என்று அறிவித்து, வேட்புமனுவும் வாங்கிய பிறகு, பழங்குடியினருக்கான ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. அதன் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். தேர்ந்தெடுத்த ஆள் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியமே நின்றுபோனது. அந்த வருஷங்களில் நம் ஊர்களில் எந்த வேலை பாதியில் நின்றது என்று விசாரித்து எழுதினால், அதுவும் தேர்தல் வரலாறுதான். மனு போட்டுவிட்டு நிற்க முடியாமல் போனவர்களையும் விட்டுவிடாதே, அவர்கள் பெயர் எந்த முடிவுப் பட்டியலிலும் இருக்காது.

கடைசியில் 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்தது, 515 வார்டுகள். புதிதாகப் பிரித்த மாவட்டங்களையும் சேர்த்து ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில், 140 வார்டுகள். முதலாவதில் ஆட்சியில் இருந்த அதிமுக அணியைத் திமுக அணி சற்று முந்தியது. இரண்டாவதில் அப்போது ஆட்சிக்கு வந்திருந்த திமுக அணி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அள்ளிவிட்டது.

எண்ணிக்கையைப் படிக்கும்போது ஓட்டுச் சாவடியையும் மனசில் வை. ஆளுக்கு நாலு சீட்டு. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வயசானவர்கள் நாலையும் விரித்து வைத்துக்கொண்டு முத்திரை குத்தி, மை ஒட்டாமல் மடிக்கப் படும் பாட்டை நீயே பார்த்திருப்பாய். தலைவருக்கு யார் என்று வீட்டிலேயே முடிவு செய்திருப்பார்கள், மஞ்சள் சீட்டில் சின்னத்தைப் பார்த்துக் குத்துவார்கள். அதனால் செல்லாத ஓட்டு எத்தனை என்பதை மறக்காமல் எழுது. வித்தியாசம் குறைவாக இருக்கும் இடத்தில் அது ரொம்ப முக்கியம்.

ஒரே ஒரு வார்டால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் சிவகங்கையைச் சொல். 16 வார்டு, இரண்டு அணிக்கும் எட்டு எட்டு. மாவட்ட ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியாமல், உறுப்பினர்கள் மட்டும் ஓட்டுப் போடும் மறைமுகத் தேர்தல் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. ஏதாவது ஒரு வார்டு மாறியிருந்தால் முதல் நாளிலேயே முடிந்திருக்கும்.

2019-ல் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. 1996-ல் நின்றவர்களில் பலருக்கு இப்போது வயசாகிவிட்டது, அவர்களிடமிருந்தே ஆரம்பி. பழைய நோட்டீஸ், பூத் ஏஜென்ட் குறித்து வைத்த தாள், எது கிடைத்தாலும் போட்டோ எடுத்துக்கொண்டு அசலை அவர்களிடமே கொடுத்துவிடு. முதல் இரண்டு தேர்தலுக்கான ஊராட்சிப் பட்டியல் தயாரானதும் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து சரிபார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்