புள்ளி வைக்காத எழுத்து

பிள்ளை,

நீ இன்ஸ்டாகிராம்ல போட்ட பெல்ட் படம் பாத்தன். நல்ல வேலை. அதை முதல்ல சொல்லிப்போடுறன், ஏனெண்டால் பிறகு எழுதிறதெல்லாம் குறை சொல்லுற மாதிரித்தான் உனக்குத் தெரியும், அம்மாவும் அதைத்தான் சொல்லுறவ, நீங்கள் மெச்சினாலும் பேசிற மாதிரித்தான் கிடக்கு எண்டு. அம்மாவுக்கும் படத்தைக் காட்டினன். பெரிசாக்கிப் பாத்துப்போட்டு என்ன வடிவா கோடு வெட்டியிருக்கிறாள் எண்டா. அவவுக்கு அந்த ரூன் எழுத்து, இஞ்சத்தைய ஆக்கள் முந்தி எழுதின பழைய எழுத்து, வாசிக்கத் தெரியாது. நானும் வாசிச்சுக் காட்டேல்லை.

போன் எடுத்தனாங்கள், நீ வேலையா இருந்திருப்பாய், பிறகு எடுக்கிறன் எண்டு மெசேஜ் வந்தது, சரி எண்டு விட்டிட்டம். அதுக்குப் பிறகும் பாத்துக்கொண்டுதான் இருந்தனாங்கள். எழுத்திலயெண்டால் உனக்கு நேரம் கிடைக்கேக்க வாசிக்கலாம் தானே, அதுதான் எழுதிறன்.

முதல்ல தோல். நடு எழுத்துக்குக் கிட்ட வெட்டு வழுக்கிக்கொண்டு போகேல்லை, இழுபட்டுப் போயிருக்கு, ஓரம் மயிர் மயிரா நிக்குது. அதுக்கு ரெண்டு காரணம் தான் இருக்கேலும். ஒண்டு தண்ணி. ஸ்பொஞ்சால நனைச்ச கையோட வெட்ட வெளிக்கிடாதை, அப்ப தோல் சொதசொதவெண்டு இருக்கும், கத்தி போற பக்கமெல்லாம் தோலும் சேந்து போகும், வெட்டின ஓரத்தை அமத்திற பெவலரால அடிச்ச தடமும் நிக்காமல் திரும்ப எழும்பி வந்திடும். நனைச்சுப் பொலித்தீன் பாக்குக்குள்ள சுத்தி ஒரு ராத்திரி வை, காலமை எடுத்து வெளியில விடு, மேல் நிறம் வெளிறிப் பழைய நிறத்துக்கு வாற நேரம் கன்னத்தில வச்சுப் பாத்தால் உள்ளுக்கு இன்னும் குளிரும், அதுதான் சரியான நேரம். சின்னனில என்ர மேசைக்குக் கீழ இருந்துகொண்டு துண்டுத் தோலையெல்லாம் கன்னத்தில வச்சு "இன்னும் இல்லை அப்பா, இன்னும் இல்லை" எண்டு சொல்லுவாய். உனக்குத் தெரியாத விசயம் இல்லை இது. அவசரப்பட்டிருக்கிறாய். ஆருக்கோ ஒரு நாளைக்குள்ள குடுக்க வேண்டியிருந்ததோ தெரியாது.

மற்றது கத்தி. ஒவ்வொரு எழுத்து முடியவும் பச்சை மெருகுப் பசை பூசின தோல் பட்டியில அலகைப் பின்பக்கமா இழு, முன்னுக்குத் தள்ளாதை. விரலுக்கிடையில சுழலுற இந்த ஸ்விவல் கத்தி மொட்டையா இருக்கெண்டு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும், சுட்டுவிரல் மேல இருந்து அமத்தத் தொடங்கினால் அது மொட்டை. நோர்வேயின்ர வடக்கு முனையில, பின்மார்க்கில மீன் பக்டரியில நிண்ட காலத்தில குளிரில விரல் விறைக்க விறைக்கக் கத்தி தீட்டிப் பழகினனான், அதை நான் உனக்குச் சும்மா சொல்லித்தரேல்லை. ஆழம் கவனம். சுவரில மாட்டுற சாமானுக்குத் தோலின்ர அரைவாசி வரைக்கும் வெட்டலாம், பெல்ட் மடியுற சாமான், மூண்டில ஒரு பங்குக்கு மேல போனால் போடப்போட அந்த இடத்தில வெடிக்கும்.

ரூன் லேசு, வளைவு இல்லை எண்டு கன பேர் நினைக்கினம். மரத்தில வெட்டினவை மர நாருக்குக் குறுக்கா நிமிர்ந்த தண்டை வெட்டி, கிளையைச் சரிச்சுத்தான் வச்சவை, நார் போற திசையிலயே கோடு போட்டால் அது நாரோட நாராக் காணாமல் போயிடும். தோலில நார்ப் பிரச்சினை இல்லை, ஆனால் தோலில வளைவு தான் லேசு, நேர்கோடு தான் கஷ்டம். பூ வெட்டேக்க கொஞ்சம் பிசகினாலும் அது பூ தான். நிமிர்ந்த தண்டு அரை மில்லிமீற்றர் சரிஞ்சாலும் கண்ணுக்குள்ள குத்தும். நீ தண்டு மூண்டையும் நேரா வெட்டியிருக்கிறாய், எனக்கு இந்த வயசிலயும் அப்பிடி வராது, உண்மையாச் சொல்லுறன். கிளையை மட்டும் எப்பவும் தண்டில இருந்து தொடங்கி வெளியால இழு. வெளியில இருந்து தண்டுக்கு வந்தாயெண்டால் ஒரு நாள் தண்டைத் தாண்டும், ரெண்டு வெட்டும் சந்திக்கிற மூலை பிறகு தூக்கிக்கொண்டு நிக்கும். பெவலர் அடிக்கேக்க முதல் அடியில பாதியை மூடித்தான் அடுத்த அடி விழ வேணும், இல்லாட்டிப் படி படியாத் தெரியும், உன்ர கடைசி எழுத்தில தெரியுது.

சரி, எழுத்துக்கு வாறன்.

மூண்டு எழுத்து. முதல் தண்டில மேல் முனையில இருந்து இடப்பக்கம் ஒரு கிளை இறங்குது, அது த. ரெண்டாவதுக்கு நடுவில சின்னக் கிளை, அ. மூண்டாவதுக்கு வலப்பக்கம் மேல நோக்கி ஒரு கிளை, க. 16 எழுத்து வரிசையில, அதுவும் கிளையைச் சின்னனாக்கி எழுதிற குறுங்கிளை எழுத்தில வெட்டியிருக்கிறாய், நோர்வேக்குப் பொருத்தம், எனக்குச் சந்தோசம், கடைகளில விக்கிற 24 எழுத்து மோதிரங்களைப் பாத்துக் கொப்பி அடிக்காமல் விட்டியே. ஆனால் பழைய 24 எழுத்து எட்டாம் நூற்றாண்டளவில 16 ஆச் சுருங்கினதோட ஒரு எழுத்தே ரெண்டு மூண்டு சத்தத்துக்கு நிக்க வேண்டி வந்திட்டுது. எங்கட எழுத்தும் அப்பிடித்தானே, தம்பிக்கும் தர்மத்துக்கும் ஒரே த, கடலுக்கும் கங்கைக்கும் ஒரே க. ஒரே எழுத்தை அடுத்தடுத்து ரெண்டு தரம் எழுதிற வழக்கமும் குறைவு. அப்ப உன்ர பெல்ட்டை "தக்" எண்டும் வாசிக்கலாம், ஆருக்கோ நன்றி சொல்லிச் செய்தது எண்டு. "தாக்" எண்டும் வாசிக்கலாம். அது இஞ்சத்தைய ஆம்பிளைப் பேர்.

நன்றி எண்டுதான் நான் முதல் வாசிச்சனான். பிறகு யோசிச்சுப் பாத்தால், வைக்கிங் காலத்து மொழியான பழைய நோர்ஸில நன்றி எண்ட சொல்லு இந்த த வில தொடங்காது, நாக்கைப் பல்லில வச்சுச் சொல்லுற மற்ற எழுத்தில தொடங்கும், அது உனக்கு வடிவாத் தெரியும். இப்பத்தைய நோர்வேஜிய மொழியை அப்பிடியே ரூனில எழுதிற ஆக்களும் இருக்கினம் தான். பெல்ட் அகலத்தையும் பாத்தன். நாலு சென்ரிமீற்றர் வரும் போல. உன்ர பெல்ட்டுகள் எல்லாம் மூண்டு சென்ரிமீற்றர்.

நான் ஒண்டும் கேக்கேல்லை. எழுத்தைப் பற்றித்தான் எழுதிறன்.

இந்தக் கஷ்டத்துக்கு ஒரு வழி இருந்தது, இஞ்ச பேர்கன் ஆக்களும் அதைப் பாவிச்சவை. புள்ளி. த வில ஒரு புள்ளி குத்தினால் அது தர்மத்தின்ர த, க வில ஒரு புள்ளி குத்தினால் கங்கையின்ர க, முடிஞ்சுது. 1955 ஜூலை 4 துறைமுகத்தடிப் பிரிக்கன் மரக்கட்டிடங்களில ஒரு பகுதி எரிஞ்சபிறகு அந்த நிலத்தைக் கிண்டி எடுத்த துண்டுகள் 600க்கு மேல, எல்லாம் ராசாவின்ர கல்வெட்டோ, வியாபாரிமார் தங்கட சாமானில கட்டின மரத்துண்டும், கடன் கணக்கும், காதல் கதையும் தானே. மழையெண்டால் உங்களைக் கூட்டிக்கொண்டு மியூசியத்துக்குத்தான் வாறனான், இஞ்ச மழை இல்லாத ஞாயிறு எங்க. கீடா சொல்லுறா நீ வீட்டை போ எண்டு வெட்டின குச்சி நினைவிருக்கோ. மற்றப் பக்கத்தில பதில் போல ஏதோ கிடக்கு, அதை ஆராலயும் வாசிக்க ஏலாமல் போச்சு. நீ "அந்த ஆள் வீட்டை போனவரோ அப்பா" எண்டு கேட்டு என்னைத் துளைச்செடுத்தனீ, அண்ணா குடிச்சுப்போட்டு எழுதியிருப்பான் எண்டு சொல்லிச் சிரிச்சவன்.

ஏட்டில எழுதின எங்கட ஆக்கள் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் எண்டு வைக்காமல் விட்டவை, வாசிக்கிறவன் தான் விளங்கிக்கொள்ள வேணும். தோல் கிழியாது பிள்ளை. மொட்டை ஊசியால மெதுவா ஒரு குத்து, ஈரம் இருக்கேக்க. புள்ளி வை. பேரெண்டால் பேரெண்டு வாசிக்கிறவனுக்குத் தெரியட்டும்.

இன்னொண்டு. அந்த த எழுத்தைத் தனிய, பெரிசா, ரெண்டு பக்கமும் கிளை வச்சு அம்பு மாதிரி ஒருத்தருக்கும் வெட்டிக் குடுக்காதை. ஸ்கண்டிநேவியாவில நாசிக் கூட்டம் ஒண்டு அதைத்தான் கொடியில வச்சுக்கொண்டு திரியுது. ஸ எழுத்து ரெண்டைப் பக்கத்தில பக்கத்தில வச்சால் அது ஹிட்லரின்ர எஸ்எஸ் அடையாளம். நாசிகள் பாவிச்ச இன்னொரு எழுத்து ஓதலா, பழைய 24 இல இருந்தது, உன்ர 16 வரிசையில இல்லவே இல்லை, அதைக் கேட்டு வாற ஆளெண்டால் ஏன் கேக்கிறான் எண்டு ஒருக்கா யோசி. காசு கூடத் தந்தாலும் செய்யாதை. நீ ராத்திரி பஸ்ஸில தனியப் போற பிள்ளை. அல்லது தனியப் போறேல்லையோ, எனக்குத் தெரியாது. தனியப் போகாமல் இருந்தால் எனக்கு நிம்மதி தான். அம்மாவும் அதைத்தான் கேப்பா, இருட்டில ஆர் கூட்டிக்கொண்டு வாறது எண்டு.

இஞ்ச எல்லாரும் சுகம். மாமான்ர முழங்கால் ஒப்பரேசன் முடிஞ்சுது.

வேலையை விட்டிட்டியோ எண்டு சித்தி கேட்டவ. நான் சொன்னனான், அவள் எஞ்சினியர் வேலையும் செய்யிறாள், கைவேலையும் செய்யிறாள், உங்கட பிள்ளையள் ஒண்டையாவது ஒழுங்காச் செய்யினமோ எண்டு. அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது எண்டு அம்மா பேசினா. எனக்கு உன்னை ஆரும் குறைவாக் கதைச்சால் பொறுக்காது. ஆனால் நீயும் ஒரு போன் எடுக்கலாம், அதுக்கு எஞ்சினியரா இருக்கத் தேவையில்லை.

அண்ணான்ர விசயத்தில நான் கதைச்ச கதையை நீ குசினி வாசல்ல கோப்பையோட நிண்டு கேட்டனீ. எனக்குத் தெரியும் நீ நிண்டது. அவனுக்கு அண்டைக்கு என்னெல்லாம் சொன்னன், ஊர்ச்சனம் என்ன சொல்லும், கோயிலில எப்பிடி முகம் காட்டுறது, உங்களை இதுக்கோ இவ்வளவு குளிருக்குள்ள கொண்டுவந்து வளத்தது. சனம் ஒரு கிழமை கதைச்சுப்போட்டு வேற கதைக்குப் போட்டுது. அவன் தான் வாறதில்லை. அந்தப் பிள்ளை எங்கட வாசலுக்கு வந்து சப்பாத்தைக் கழட்டி ஒழுங்கா அடுக்கி வச்சிட்டு நிண்டது, நான் அவளின்ர பேரைக்கூடச் சொல்லிக் கூப்பிடேல்லை, கதை முழுக்க "அந்தப் பெட்டை" எண்டுதான் கதைச்சனான், அவளுக்குத் தமிழ் விளங்காதெண்டு நினைச்சு. ஒரு ஆளுக்கு முன்னால நிண்டு அந்த ஆளின்ர பேரைச் சொல்லாமல் விடுறது என்ன மாதிரி எண்டு எனக்குத் தெரியாமலில்லை, பக்டரியில என்ர பேர் நீளம் எண்டு என்னை நம்பராலதான் கூப்பிட்டவை. தெரிஞ்சு தான் செய்தனான். அம்மா ராத்திரியில போனில அவையின்ர குழந்தையின்ர படத்தை ஒளிச்சு வச்சுப் பாக்கிறா. நித்திரை மாதிரிக் கிடக்கிறனான். அவ நித்திரையானபிறகு நானும் எடுத்துப் பாக்கிறனான். மூக்கு எங்கட ஐயான்ர மூக்கு.

அதால உனக்கு எங்களுக்கு ஒண்டைச் சொல்லப் பயம் இருந்தால் அந்தப் பயத்தைத் தந்தது நான் தான். அதை எழுதத்தான் இவ்வளவு தோலும் கத்தியும் கதைச்சனான் போல.

அண்ணாவுக்கும் எழுதப்போறன். என்ன எழுதிறது எண்டு தெரியேல்லை, அவனுக்குத் தோல் வேலையும் தெரியாது.

நாளைக்கு ஒரு பார்சல் போடுறன். ஸ்வீடனில தார்ன்ஷோ எண்ட ஊர்த் தோல், மரப்பட்டையில பதனிட்டது, குரோம் உப்பில பதனிட்ட தோலெண்டால் அடிச்ச தடம் நிக்காது, மலிவாக் கிடைக்குதெண்டு வாங்கிப்போடாதை. மூண்டரை மில்லிமீற்றர் மொத்தம், முதுகுப் பக்கத்தில நீளத்துக்கு வெட்டினது, வயித்துப் பக்கத் தோல் இழுபடும், பெல்ட்டுக்கு உதவாது. தோல் ஈரமா இருக்கேக்க இரும்புச் சாமான் ஒண்டும் மேல வச்சிட்டுப் போகாதை, கறுப்புப் புள்ளி விழும், பிறகு அது லேசில போகாது. தோலை வச்சு அடிக்கிற கருங்கல்லுக்குக் கீழ ஒரு ரப்பர் போடு, கீழ் வீட்டு ஆக்கள் பாவம். தண்ணி காய விட்டு வெட்டு, திரும்பவும் சொல்லுறன்.

ரெண்டு பட்டி இருக்கு. மூண்டு சென்ரிமீற்றர் பட்டி உனக்கு. நாலு சென்ரிமீற்றர் பட்டிக்கு அளவு எனக்குத் தெரியாதபடியால் நல்ல நீளமா விட்டிருக்கிறன், ஆளின்ர இடுப்பைப் பாத்து நீ வெட்டு. ஒண்டுக்கும் ஓட்டை போடேல்லை, அடிச்சால் தோல் கொஞ்சம் நீளும், எழுத்தெல்லாம் முடிச்சபிறகு போடு. அளக்கேக்க பக்கிள் மடிப்பில இருந்து நடு ஓட்டை வரைக்கும் அள, நுனி வரைக்கும் அளந்தால் பிழைக்கும், ஆள் கொஞ்சம் மொத்தமெண்டால் ஓட்டை ரெண்டு கூடப் போட்டுக் குடு.

அப்பா