பெட்டிக்கும் சாக்லேட் விலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பறித்த கொழுந்தை எடை போடும்போது முதலில் சாக்கு எடையைக் கழிப்பார்கள். மழைக்காலம் என்றால் இலையில் இருக்கும் தண்ணீருக்கு என்று இன்னொரு கழிவு. தண்ணீருக்கு எவ்வளவு கழிப்பது என்பதில் எங்களுக்குள் சண்டையே நடக்கும். ஆனால் சாக்கைக் கழிக்கக் கூடாது என்று எந்த விவசாயியும் கேட்டதில்லை. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலை கொழுந்துக்குத்தானே.

நாங்களே கடைக்கு வாங்கப் போனால் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. ஈரோட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கொண்டுபோக ஊட்டியில் ஒரு கடையில் அரைக் கிலோ ஹோம்மேட் சாக்லேட் வாங்கினேன். கிலோ 900 ரூபாய். தடித்த அட்டைப் பெட்டியைத் தராசில் வைத்து, அதற்குள்ளேயே சாக்லேட்டை அள்ளிப் போட்டு, 500 காட்டியதும் மூடிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வெறும் பெட்டியை நிறுத்துப் பார்த்தேன், 60 கிராம். அதாவது அந்த அட்டைக்கு நான் கொடுத்தது 54 ரூபாய். வர்க்கி, மிக்சர், முந்திரி எதுவானாலும் பல கடைகளில் இப்படித்தான். பொருளின் விலை ஏற ஏற, அதே அட்டையின் விலையும் கூடவே ஏறுகிறது!

தின்ன முடியாத எதையும் எடையில் சேர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டாணி தோலோடுதான் வரும், காலிஃபிளவர் இலையோடுதான் வரும். விலையும் அதை வைத்துத்தான் சொல்கிறார்கள்; இலையை எங்கள் மாடு தின்றுவிடும். அட்டைப் பெட்டி சாக்லேட்டோடு விளைந்ததா என்ன?

கடைக்காரரிடம் கேட்டேன். "பெட்டியை நாங்களும் காசு கொடுத்துத்தாம்மா வாங்குறோம்" என்றார். நியாயம்தான். அப்படியானால் பெட்டி இத்தனை ரூபாய் என்று பில்லில் தனியாகப் போடட்டும். வேண்டியவர்கள் வாங்குவார்கள், எங்களைப் போன்றவர்கள் வீட்டிலிருந்து டப்பா எடுத்துப் போவோம். இப்போது டப்பா கொண்டுபோனாலும், வாங்காத பெட்டிக்காக ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை.

இது முடியாத காரியம் இல்லை. டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் ஏற்பாட்டை 2022இல் நம் நீலகிரியில்தான் தொடங்கினார்கள். காட்டில் வீசிய பாட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் வரை போனதால் வந்த ஏற்பாடு அது. சரக்கு வேறு, பாட்டில் வேறு என்று மதுக்கடையில் பிரிக்க முடிந்திருக்கிறது. பிள்ளைகள் தின்னும் பண்டத்தில் மட்டும் ஏன் முடியாது?

எலக்ட்ரானிக் தராசில் 'டேர்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வெறும் பெட்டியை வைத்து அதை அழுத்தினால் எடை சைபருக்கு வந்துவிடும், அப்புறம் பொருளைப் போட வேண்டியதுதான். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இலேயே வந்துவிட்டது. விலை சொன்ன எடைக்குக் குறைவாகப் பொருள் கொடுத்தால் அபராதம் உண்டு.

தராசுக்கு வருடா வருடம் முத்திரை போடுகிறார்கள். தராசு சரியாகத்தான் காட்டுகிறது. அதன்மேல் எதை வைத்து நிறுக்கிறார்கள் என்பதை அல்லவா பார்க்க வேண்டும்? மே மாதம் மலர்க் கண்காட்சிக்கும் பழக் கண்காட்சிக்கும் வெளியூர்க் கூட்டம் வந்து இறங்கும். அவசரத்தில் பெட்டி பெட்டியாக வாங்கிப் போகிறவர்கள் எடையைக் கவனிப்பதில்லை. சீசன் தொடங்குவதற்கு முன்பே தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி கடைகளில் சாதாரண வாடிக்கையாளர் போல அரைக் கிலோ வாங்கிப் பார்க்க வேண்டும். 'பெட்டி எடை சேராது, பெட்டி விலை தனி' என்று தராசுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி.