‘நீ’ என்று சொல்ல நாக்கு வரவில்லை

அன்புள்ள மகனுக்கு,

மாட்ரிட் போய் மூன்று வருடமாகிறது. இன்னமும் உன் மாமியாரிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறாயாம். மருமகள் சொன்னாள். ஸ்பானிய வினைச்சொல் வாய்பாடு மண்டையில் ஏறவில்லை என்கிறாயாமே? அறுபத்திரண்டு வயதில் எனக்கு ஏறுகிறது. நீ அதை ஆங்கிலம் வழியாகப் பார்க்கிறாய், அதுதான் கோளாறு.

தமிழில் ‘பேசுகிறேன்’ என்றாலே போதும், ‘நான்’ தேவையில்லை. ஸ்பானிய மொழியும் அப்படித்தான். ‘அப்லார்’ என்றால் பேசுவது. கடைசி ‘ஆர்’ போனால் மிஞ்சுவது பகுதி. அதில் விகுதியை ஒட்ட வேண்டியதுதான்: ஆப்லோ, பேசுகிறேன், ஆப்லாஸ், பேசுகிறாய், ஆப்லா, பேசுகிறான், அப்லாமோஸ், பேசுகிறோம், அப்லாயிஸ், பேசுகிறீர்கள், ஆப்லான், பேசுகிறார்கள். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணத்துக்கு அழுதாயே, அதே வேலை. நம்முடைய ‘கிறு’ போல இடைநிலைகூட இல்லை. ஆண், பெண் பேதமும் விகுதியில் இல்லை. ‘ஆப்லா’ என்றால் பேசுகிறாள் என்றும் ஆகும்.

‘ஏர்’, ‘ஈர்’ என்று முடிகிற வினைகளுக்கு விகுதி கொஞ்சம் மாறும். கோமோ, சாப்பிடுகிறேன், கோமேஸ், சாப்பிடுகிறாய். பீபோ, வாழ்கிறேன், பீபேஸ், வாழ்கிறாய். இந்த இரண்டு வகையும் பிரிவது ‘நாங்கள்’, ‘நீங்கள்’ என்ற இரண்டு இடத்தில்தான்: கொமேமோஸ், பிபீமோஸ், கொமேயிஸ், பிபீஸ். இந்தப் பன்மை ‘நீங்கள்’ வடிவத்தை லத்தீன் அமெரிக்காவில் பேச்சில் விட்டுவிட்டார்கள். நீ இருப்பது ஸ்பெயினில், தப்பிக்க முடியாது.

அழுத்தத்தில் மட்டும் கவனம். போன வாரம் தொலைபேசியில் சம்பந்தியம்மாவிடம் ‘ஸ்பானிய மொழி பேசுகிறேன்’ என்று பெருமையாகச் சொன்னேன். “யார்?” என்று கேட்டார். ‘ஆப்லோ’ என்று முன்னால் அழுத்தாமல், கடைசி ‘லோ’வை அழுத்திவிட்டேன். அது ‘பேசினார்’ ஆகிவிட்டது. இருவரும் சிரித்து அடங்க நேரமாயிற்று.

இன்னொன்று. மரியாதைக்கு ‘உஸ்தெத்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘உங்கள் கருணை’ என்ற பொருளுடைய பழைய தொடர் தேய்ந்து வந்ததாம். அதற்கு ‘ஆப்லாஸ்’ கூடாது. ‘அவர்’ வடிவமான ‘ஆப்லா’தான். நம் ஊர்க்காரர்களுக்கென்றே செய்துவைத்ததுபோல் இருக்கிறது. ஆனால் சம்பந்தியம்மா, “என்னை நீ என்றே கூப்பிடுங்கள்” என்கிறார். அங்கே அது நெருக்கமாம். எனக்கு நாக்கு வரவில்லை. வாக்கியத்தை ‘நீ’யில் ஆரம்பித்து ‘உஸ்தெத்’தில் முடிக்கிறேன். அவர் பொறுத்துக்கொள்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அவரையும் பக்கத்தில் உட்காரவை. நீ ஆங்கிலத்துக்குத் தாவினால் போனை வைத்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா