வெளியூர் ரசிகர்களை அடைத்து வைத்த பட்டிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்து கால்பந்து நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அணிகளும் ஆட்டக்காரர்களும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் கேலரியின் ஒரு மூலையில், இரண்டு பக்கமும் காவலர் வரிசை நிற்க, தொண்டை கிழியப் பாடும் அந்த 3,000 பேரைப் பற்றி விளையாட்டுப் பக்கங்களில் அதிகம் வருவதில்லை. எதிரணியோடு வெளியூரிலிருந்து வந்தவர்கள் அவர்கள். எப்போதாவது வந்தாலும் 'மோசமான மைதானங்கள்' என்ற வேடிக்கைத் துணுக்காகத்தான் வருகிறது. அந்த வேடிக்கைக்குள் எவ்வளவு கட்டுமானக் குற்றம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் இக்கடிதம்.

அணியோடு நாற்பது ஆண்டு ஊர் ஊராகச் சுற்றிய ரசிகர்களிடம் எந்த மைதானம் மோசம் என்று கேட்டுப் பாருங்கள். தோற்ற ஆட்டங்களைச் சொல்ல மாட்டார்கள். கூரை, கம்பி வேலி, கழிப்பறை, வாசல் என்றுதான் பேச்சு போகும். கடலோர ஊரான போர்ட்ஸ்மவுத்தின் ஃப்ராட்டன் பார்க்கில் வெளியூர்க்காரர்கள் இருக்கும் மில்டன் எண்ட் பகுதிக்கு 2007 வரை கூரையே கிடையாது. கில்லிங்ஹாமில் பழைய நின்று பார்க்கும் கேலரியை 2003-ல் இடித்துவிட்டு, சாரக் கம்பிகளின் மேல் ஒரு தற்காலிக கேலரியைப் போட்டார்கள். அதற்கும் கூரை இல்லை, தற்காலிகம் என்ற பெயரும் போகவில்லை. ஜனவரி மழையில் இரண்டு மணி நேரம் நனைந்தவருக்கு அடுத்த ஐந்து மணி நேரம் ஈரச் சட்டையோடு பேருந்துப் பயணம் பாக்கியிருக்கும்.

1892-ல் திறந்து, எவர்ட்டன் ஆண்கள் அணி 2025 வரை ஆடிய குடிசன் பார்க்கில் வேறு விதமான தொல்லை. வெளியூர் ரசிகர்களுக்கு மரத்தளத்தின் மேல் பழைய மர இருக்கைகள், நடுநடுவே கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள். தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவர் கோல்கம்பத்தைப் பார்க்க ஆட்டம் முழுக்க இடமும் வலமும் சாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். நியூகாசிலில் தூண் இல்லை, ஏற்றம் உண்டு. செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் எதிரணி ரசிகர்களின் இடம் ஏழாவது தளத்தில், 14 அடுக்குப் படி ஏறிப் போக வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் லிஃப்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. அந்த உயரத்திலிருந்து ஆட்டம் வரைபடம்போல விரியும், ஆட்டக்காரரின் முகம் தெரியாது.

லூட்டனின் கெனில்வொர்த் ரோடு தனி ரகம். ஓக் ரோடு என்ற குறுகிய தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய செங்கல் வீடுகள். அந்த வரிசையின் நடுவே, வீட்டின் கீழ்த்தளம் இருக்க வேண்டிய இடத்தில் சுழல் கதவு. தலைக்கு மேலே மாடி அறையின் ஜன்னல், கீழே வெளியூர்க் கூட்டத்தின் வாசல். உள்ளே நுழைந்தால் இரும்புப் படிக்கட்டு கொல்லைப்புறங்களுக்கு மேலாக ஏறும். குனிந்து பார்த்தால் யார் வீட்டுக் கொடியிலோ துணி காயும். 2023-24 சீசனில் பிரீமியர் லீக் அணிகளின் ரசிகர்களும் இந்த வழியாகத்தான் போனார்கள். எல்லாரும் படம் எடுக்கும் இடம் அது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் அந்தத் தெருவுக்குள்தான் இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1985 மார்ச்சில் மில்வால் ரசிகர்களின் கலவரம் நடந்ததும் இதே மைதானத்தில்தான். அதன்பின் 1986-87 தொடங்கி நான்கு சீசன்களுக்கு லூட்டன் வெளியூர் ரசிகர்களையே உள்ளே விடவில்லை. அந்தப் பிடிவாதத்துக்காக லீக் கோப்பைப் போட்டியிலிருந்தே ஒரு சீசன் நீக்கப்பட்டது.

கலவரம் உண்மை, வன்முறை செய்தவர்கள் இருந்தார்கள். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அதற்குச் செய்த வைத்தியம் வந்தவர் எல்லாரையும் மந்தையாக நடத்தியது. ரயில் நிலையத்திலிருந்து குதிரைப் போலீஸ் சூழ நடத்திச் செல்வது, நின்று பார்க்கும் கேலரியைக் கம்பியால் தடுத்துப் பட்டி பட்டியாகப் பிரிப்பது, முன்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் வேலி போடுவது, ஆட்டம் முடிந்தும் அரை மணி நேரம் பூட்டி வைப்பது. 1985-ல் செல்சீ மைதானத்தில் 12 வோல்ட் மின்வேலியே போட்டுவிட்டார்கள். லண்டன் மாநகர நிர்வாகம் அனுமதி மறுத்ததால்தான் அதில் மின்சாரம் பாயவில்லை.

இந்தப் பட்டிகள் என்ன செய்தன என்பதை ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம் காட்டியது. அங்கே வெளியூர்க்காரர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் இடம் லெப்பிங்ஸ் லேன் பகுதி. 1981-ல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியின்போது அங்கே நெரிசலில் 38 பேர் காயப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் கேலரியைக் குறுக்கு வேலிகளால் பிரித்தார்கள். 1985-ல் பட்டிகளின் எண்ணிக்கையை இன்னும் கூட்டினார்கள். பிரிப்பதற்கு முன் ஓரிடத்தில் நெரிந்தால் ஜனம் பக்கவாட்டில் பரவ வழியிருந்தது, பிரித்தபின் அது அடைபட்டது. எந்தப் பட்டியில் எத்தனை பேர் என்று எண்ணவும் ஏற்பாடு இல்லை.

1989 ஏப்ரல் 15, அதே கோப்பையில் லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கும் அரையிறுதி. இரண்டு அணிக்கும் பொது மைதானமாக ஹில்ஸ்பரோ. லெப்பிங்ஸ் லேனில் நின்று பார்க்க டிக்கெட் வாங்கிய லிவர்பூல் ரசிகர்கள் 10,100 பேர், அவர்களுக்கு 7 சுழல் கதவுகள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சுழல் கதவு வழியாக மணிக்கு அதிகபட்சம் 660 பேர் என்பது இன்றைய மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி நூலின் அளவு. அதன்படி 7 கதவுகளில் மணிக்கு 4,620 பேர். எல்லாரும் உள்ளே போக 2 மணி 10 நிமிடத்துக்கு மேல் ஆகும். தாராளமாக 750 என்று வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம்தான் குறையும். ஒரு மணி நேரத்தில் உள்ளே அனுப்ப வேண்டுமானால் 16 கதவுகள் வேண்டும். மூன்று மணி ஆட்டத்துக்கு இரண்டு மணி வாக்கில் ஜனம் திரண்டால் வாசலில் நெரிசல் வருவதைத் தடுக்க முடியாது. ரசிகர்கள் தாமதமாக வந்தார்கள் என்ற பழி இந்தக் கணக்குக்கு முன்னால் நிற்காது.

2.52-க்கு வெளியேறும் வழியான 'சி' கேட்டைப் போலீஸ் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்களின் கண்ணுக்கு நேரே தெரிந்தது ஒரு சுரங்க நடை. அது சரிவாக இறங்கி நடுவிலிருந்த 3, 4-ஆம் பட்டிகளில் கொண்டுபோய் விடும். அவை இரண்டும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன, ஓரத்துப் பட்டிகளில் இடம் இருந்தது. அந்த நடையின் வாயை அடைத்து, ஓரமாகப் போகச் சொல்ல அங்கே யாரையும் நிறுத்தவில்லை. முன்னால் வேலி, பின்னால் இறங்கி வரும் கூட்டம். வேலியில் இருந்த சிறு கதவுகள் அவ்வளவு பேரை வெளியே விடப் போதவில்லை. 97 பேர் செத்தார்கள். ரசிகர்கள்மேல் குற்றமில்லை என்று நீதிமன்ற விசாரணையில் ஜூரிகள் சொல்ல 2016 ஆகிவிட்டது.

இதோடு பிராட்ஃபோர்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். 1985 மே 11 அன்று அங்கே மர கேலரி தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். பின்பக்க வாசல்கள் பல பூட்டிக் கிடந்தன. பிழைத்தவர்களில் பெரும்பாலோர் முன்பக்கமாக மைதானத்துக்குள் இறங்கித் தப்பினார்கள், ஏனென்றால் அந்த கேலரிக்கு முன்னால் வேலி இல்லை. இது தெரிந்த பிறகும் நான்கு ஆண்டுகள் மற்ற மைதானங்களில் வேலி அப்படியே நின்றது. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஹில்ஸ்பரோ பற்றி விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கைக்குப் பிறகு வேலிகள் போயின. மேல் இரண்டு டிவிஷன்களின் மைதானங்கள் முழுக்க இருக்கைகளாயின. பழைய கூண்டு வாழ்க்கை கதையாக மாறியது அதன் பிறகுதான்.

இன்றைய துன்பம் பெரும்பாலும் பயணத்தில். ஆட்ட நாள் தொலைக்காட்சிக்காக மாறும். சனி மூன்று மணி என்று நம்பி ரயில் டிக்கெட் எடுத்தவருக்கு ஆட்டம் திங்கள் இரவு எட்டு மணிக்குப் போய்விடும். முடியும்போது மணி பத்து, ஊருக்குக் கடைசி ரயில் போயிருக்கும். ஞாயிறு என்றால் தண்டவாளப் பராமரிப்பு, பாதி வழிக்கு மாற்றுப் பேருந்து. பிளிமவுத்திலிருந்து நியூகாசிலுக்கு ஒரு வழியே சுமார் 650 கி.மீ. என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ரசிகர் பேருந்துகளுக்கும் கட்டுப்பாடு உண்டு: ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னதாக மைதானத்துக்கு வரக்கூடாது, வண்டியில் மது கூடாது. கார்டிஃப், ஸ்வான்சி மோதலுக்கு நெடுங்காலம் இருந்த ஏற்பாடு இன்னும் கடுமை. அணி ஏற்பாடு செய்த பேருந்தில் போனால்தான் டிக்கெட். கார்டிஃபிலேயே குடியிருக்கும் ஸ்வான்சி ரசிகர்கூட முதலில் ஸ்வான்சிக்குப் போய், பேருந்தேறித் தன் ஊருக்கே திரும்பி வர வேண்டியிருந்தது.

பழைய தவறு மறக்கப்படும் என்பதற்கு 2022 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியும் சாட்சி. பாரிஸில் ஒரு ரயில் தடத்தில் வேலைநிறுத்தம், கூட்டம் இன்னொரு தடத்துக்குத் திரும்பியது. நெடுஞ்சாலைக்கு அடியில் குறுகிய வழியில் டிக்கெட் சோதனை. லிவர்பூல் ரசிகர்கள் அங்கே சிக்கினார்கள், மைதான வாசலில் கண்ணீர்ப்புகையும் வாங்கினார்கள். ரசிகர்கள் தாமதமாக வந்ததால் ஆட்டம் தாமதம் என்று மைதானத் திரையிலேயே அறிவித்தார்கள். முதன்மைப் பொறுப்பு போட்டியை நடத்தும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ-வினுடையது என்று அது நியமித்த தனிக்குழுவே 2023 பிப்ரவரியில் சொன்னது.

படிக்கவும் வேலைக்கும் அங்கே போகும் நம் பிள்ளைகளுக்குச் சில விவரங்கள். வெளியூர்ப் பகுதி டிக்கெட்டை விற்பது அந்த வெளியூர் அணியேதான், அதுவும் முன்பு எத்தனை ஆட்டங்களுக்குப் போனவர் என்ற புள்ளிக் கணக்கில். பிரீமியர் லீக்கில் 2016-17 முதல் அதன் விலை 30 பவுண்டுக்கு மேல் போகாது. அது கிடைக்காமல் உள்ளூர்ப் பகுதியில் இடம் வாங்கினால், எதிரணிச் சட்டை போட்டாலோ கோலுக்குத் துள்ளினாலோ வெளியே அனுப்பிவிடுவார்கள், பணம் திரும்பாது. தெருவில் விற்பவரிடம் வாங்க வேண்டாம், அனுமதியின்றிக் கால்பந்து டிக்கெட் விற்பது அங்கே குற்றம். தொலைக்காட்சி அட்டவணை வெளியான பிறகே ரயிலுக்குப் பணம் கட்டுங்கள். பல மைதானங்களில் ஏ4 தாளைவிடப் பெரிய பையையும் குடையையும் உள்ளே விட மாட்டார்கள். தலையை மூடும் மழைக்கோட்டும், மாற்றுவதற்கு ஒரு ஜோடிக் காலுறையும் போதும்.

வெளிநாட்டு மைதானத் துணுக்குகளை அடுத்த முறை வெளியிடும்போது, அங்கே வெளியூர்க்காரர்களுக்கு எத்தனை வாசல், கூரை உண்டா, ஆட்டம் முடிந்தபின் ஊர் திரும்ப ரயில் உண்டா என்பதையும் இரண்டு வரி சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர்,
வியாசர்பாடி, சென்னை.