விடையோடு வழிமுறையையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத்தில் வரும் பிரச்சனைக் கணக்குகளைப் பினாங்குத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பலர் செய்து பார்க்கிறார்கள். அதற்கு நன்றி. ஆனால் அண்மையில் அதே பக்கத்தில் வெளிவந்த ‘மொத்தம் என்றால் கூட்டு, அதிகம் என்றாலும் கூட்டு, மீதம் என்றால் கழி, மடங்கு என்றால் பெருக்கு’ என்ற அட்டவணையை இனி அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதை மனனம் செய்த பிள்ளை கணக்கைப் படிப்பதில்லை, சொல்லைத் தேடுகிறது.

“கவிதாவிடம் 48 அஞ்சல்தலைகள் உள்ளன. இது மாலாவிடம் இருப்பதைவிட 15 அதிகம். இருவரிடமும் மொத்தம் எத்தனை?” அட்டவணையை நம்பினால் 48-உடன் 15-ஐக் கூட்டி, மாலாவுக்கு 63 என்று வைத்து, மொத்தம் 111 என எழுதத் தோன்றும். அதிகம் வைத்திருப்பவரோ கவிதா. மாலாவிடம் 33, மொத்தம் 81. எண்ணைத் தொடுவதற்கு முன் ‘யாரிடம் கூடுதல்?’ என்று கேட்டு அந்தப் பெயரை ஓரத்தில் எழுதினாலே இந்தத் தவறு வராது.

கணித அறிஞர் ஜார்ஜ் போலியா 1945-இல் எழுதிவைத்த நான்கு படிகள்தாம் நம் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்திலும் உள்ளன: புரிந்துகொள்ளுதல், திட்டமிடுதல், செயல்படுத்துதல், சரிபார்த்தல். நடைமுறையில் முதல் படியும் கடைசிப் படியும் காணாமல் போய்விடுகின்றன. நடுவில் உள்ள கணக்கிடுதல் மட்டும் மிஞ்சுகிறது.

பின்னக் கணக்கில் இதன் விளைவு நன்றாகத் தெரியும். “ஒருவர் தம் பணத்தில் 2/5 பகுதியைப் புத்தகங்களுக்கும், மீதத்தில் 1/3 பகுதியைக் காலணிக்கும் செலவிட்டார். 72 ரிங்கிட் மீந்தது. முதலில் எவ்வளவு வைத்திருந்தார்?” பெரும்பாலோர் 2/5-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 11/15 என்கிறார்கள். மிச்சம் 4/15, அது 72 ரிங்கிட் என்றால் முழுத்தொகை 270. வகுத்தல் மீதமின்றி முடிந்து முழு எண் கிடைப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. தவறு எங்கே? 1/3 என்பது முழுப் பணத்தில் அன்று, புத்தகம் வாங்கியபின் இருந்த பணத்தில். இரண்டு பின்னங்களும் வெவ்வேறு முழுமையைச் சேர்ந்தவை. அவற்றை நேரடியாகக் கூட்ட முடியாது.

ஒரு நீளக் கட்டம் வரைந்து ஐந்து சமபாகமாகப் பிரிக்கட்டும். புத்தகத்துக்கு இரண்டு பாகத்தை அடித்துவிட்டால் மூன்று இருக்கும். அந்த மூன்று பாகத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது ஒரே ஒரு பாகம், அது காலணிக்கு. எஞ்சிய இரண்டு பாகம் 72 ரிங்கிட், ஒரு பாகம் 36, ஐந்து பாகம் 180. இனி சரிபார்க்க வேண்டும்: 180-இல் 72 போனால் 108, அதில் 36 போனால் 72. கணக்கு சொன்னதும் அதுவே. 270-ஐ இப்படிச் சோதித்தால் 108 போக 162, அதில் 54 போக 108 மீதம் வரும், 72 வராது. ஒரு வரிச் சோதனை தவறைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

படம் வரையும் பழக்கம் இடைநிலைப்பள்ளியிலும் கைகொடுக்கும். இடைநிலைப்பள்ளியின் முதலாண்டான படிவம் ஒன்றில் கணக்கு மலாயில் வரும்போதும் கட்டம் அதே கட்டம்தான்.

இயற்கணிதத்தில் தொல்லை வேறு. தந்தையின் வயது மகனின் வயதைப்போல் 4 மடங்கு. 6 ஆண்டுகளுக்குப் பின் 3 மடங்கு. இங்கே ‘ம = மகன்’ என்று எழுத விடக்கூடாது. ‘ம = மகனின் இன்றைய வயது, ஆண்டுகளில்’ என்று முழுதாக எழுத வேண்டும். எழுத்து ஆளைக் குறிப்பதாக எண்ணும் பிள்ளைதான், மாணவர் எண்ணிக்கை ஆசிரியர் எண்ணிக்கையைப்போல் 6 மடங்கு என்றால் 6மா = ஆ எனத் தலைகீழாக எழுதுகிறது. நம் கணக்குக்கான சமன்பாடு 4ம + 6 = 3(ம + 6). அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது 3ம + 6 என்று விட்டுவிடுவது வழக்கமான சறுக்கல்; அப்போது ம = 0 ஆகி, தந்தைக்கும் வயது பூஜ்யம் என்றாகும்! சரியாகப் பிரித்தால் 4ம + 6 = 3ம + 18, ம = 12. தந்தைக்கு 48. ஆறு ஆண்டில் 18-உம் 54-உம்; மூன்று மடங்கு. ஆறு ஆண்டு இருவருக்கும் கூடும் என்பதையும் பலர் மறக்கிறார்கள். ‘இன்று’, ‘6 ஆண்டுக்குப் பின்’ என இரண்டு வரிசைகளில் சிறு அட்டவணை போட்டால் மறக்காது.

நேரக் கணக்கைப் பற்றி ஒன்று மட்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் 2 மணி 20 நிமிடம் ஓடிய ரயிலுக்கு 90-ஐ 2.2-ஆல் பெருக்கினால் 198 கிலோமீட்டர் வரும். 20 நிமிடம் மணியில் மூன்றில் ஒரு பங்கு; சரியான விடை 210.

ஆறாம் ஆண்டில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இலும், படிவம் மூன்றில் எழுதிய பிடி3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்டுவிட்டன. ஆனால் படிவம் ஐந்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் கணிதத் தாள் 2-இல் செய்கை வழிக்குப் புள்ளி உண்டு. விடையை மட்டும் எழுதிப் பழகிய பிள்ளை அங்கே அந்தப் புள்ளிகளை இழக்கும்.

ஆகவே, வாரம் பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே படம் வரைய வெற்றிடமும், ‘எதைக் கண்டுபிடிக்க வேண்டும்?’ என்று எழுத ஒரு வரியும், சரிபார்க்க ஒரு வரியும் விடுங்கள். மறுவாரம் விடையோடு முழு வழிமுறையையும், பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறான வழியையும், அது எந்த இடத்தில் பிசகுகிறது என்ற குறிப்போடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு