பாயிண்டைக் கழற்றிவிட்டேன்

தோ பாயோ, சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தியை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். படம் அனுப்பு.

அப்பாவின் 1964 மோரிஸ் மைனர் காரில் பாயிண்டை (பொறி உண்டாக்க மின்சாரத்தை வெட்டும் தொடுமுனை) கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்திவிட்டேன். உனக்கு மனம் கேட்காது, தெரியும். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை வைத்துப் பாயிண்டில் 0.015 அங்குல இடைவெளி பிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். ஆனால் இந்த ஆண்டில் மட்டும் பாயிண்டைக் கருகாமல் காக்கும் கண்டென்சர்கள் மூன்று போய்விட்டன. கடைசியாக அப்பர் தாம்சன் சாலையில், உச்சி வெயிலில், சிவப்பு விளக்கில் நின்ற வண்டி மறுபடி கிளம்பவில்லை. அம்மா பின்னிருக்கையில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். கிளாசிக் வண்டியை இங்கே ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் இறக்கலாம். அதில் ஒரு நாள் அப்படிப் போனதை என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிப்யூட்டரில் சுற்றும் ரோட்டரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். டிஸ்ட்ரிப்யூட்டர் தண்டு நன்றாகவே ஆடியது, அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. தண்டு ஆடினால் பாயிண்ட் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வோர் அளவு திறக்கும். எவ்வளவு பொறுமையாக வைத்தாலும் இடைவெளி நிற்காது. புதியதில் உரசுவதற்கு ஒன்றுமில்லை. ரோட்டருக்கு அடியில் காந்த வளையம் சுற்றுகிறது. பக்கத்தில் உள்ள சென்சர் அதை உணர்ந்து பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் மின்சாரத்தை வெட்டுகிறது. ஆட்டம் இதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. புஷ்ஷை எப்படியும் மாற்றத்தான் போகிறேன்.

பொருத்த அரை மணி நேரம்தான் ஆனது. அதற்கு முன்புள்ள வேலைதான் ஒரு நாளைத் தின்றது. நம் வண்டியில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும்; நான் வாங்கிய எலக்ட்ரானிக் கிட்டோ நெகட்டிவ் எர்த். அப்படியே இணைத்திருந்தால் எரிந்துபோயிருக்கும். பேட்டரியைத் திருப்பினேன், முனைகளின் பருமன் வேறு என்பதால் கிளாம்புகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. காயில் கம்பிகளை இடம் மாற்றினேன். பிறகு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு கம்பியால் டைனமோவின் 'எஃப்' (ஃபீல்டு) முனையை ஒரு கணம் தொட்டேன். சின்னதாக ஒரு நீலப் பொறி. அவ்வளவுதான், டைனமோவும் திசை மாறிவிட்டது.

ஒன்றை மட்டும் நினைவில் வை: என்ஜின் ஓடாதபோது சாவியைத் திருப்பியே வைத்திருக்கக் கூடாது, காயிலும் சென்சரும் சூடேறிக் கெட்டுவிடலாம். பழைய பாயிண்டும் கண்டென்சரும் வண்டியிலேயே இருக்கின்றன. வழியில் எது கெட்டாலும் பத்து நிமிடத்தில் திருப்பிப் போட்டுவிடலாம்.

நேற்று அம்மாவைச் சாங்கிக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். சிக்னலில் நிற்கும்போது அந்தப் பழைய உதறல் இல்லை. "அப்பா ஓட்டிய காலத்தில் இப்படித்தான் இருந்தது" என்றார்.

இந்த ஆண்டுக்கு இன்னும் 11 நாள் மிச்சம். தீபாவளிக்கு நீ வரும்போது ஓட்ட இரண்டு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்